நாளுக்கு மூணு வரி

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அழைப்பிதழில் ‘தலித் கவிதை: வடிவமும் சிக்கலும்’ என்று போட்டிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் கோட்பாட்டு ஆள் கிடையாது. ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். காலையில் கவுண்டரில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் பணம் எண்ணுவதும் பாஸ்புக் அடித்துக் கொடுப்பதும்தான் வேலை. ராத்திரி படுக்கும் முன்னால் மூணு வரி எழுதுவேன். ஆறு வருஷமாக எழுதுகிறேன், தினமும். ‘ஹைக்கூ’ என்று சொல்கிறார்களே, ஜப்பான்காரர்களுடைய அந்தக் குட்டிக் கவிதைதான். எனக்குப் பேசத் தெரிந்தது அது ஒண்ணுதான். அதையே பேசுகிறேன்.

இதைச் சொன்ன உடனே நம்ம தோழர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். “என்ன தோழர், நிலாவா, பட்டாம்பூச்சியா?” என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கு. தமிழுக்கு இந்தச் சரக்கு வந்த கதை அப்படி. 1916லேயே பாரதி ‘சுதேசமித்திர’னில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ஆனால் தமிழில் முதல் ஹைக்கூத் தொகுப்பு என்று சொல்லப்படுகிற அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ வந்தது 1984இல். அதுக்கப்புறம் வெள்ளம். வாரப் பத்திரிகையில் ஜோக்குக்கும் ராசிபலனுக்கும் நடுவில் இடம் காலியா இருந்தால் ஒரு ஹைக்கூ. ரெண்டு வரியில் ஒரு முடிச்சு, மூணாவது வரியில் ‘படார்’ என்று அவிழ்ப்பு. விடுகதைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? விடுகதையாவது நம்ம பாட்டிகள் போட்டது, அதில் புத்தி இருக்கும்.

இன்னொரு பக்கம் ஆன்மீகப் பூச்சு. ஹைக்கூ என்றால் ஜென், ஜென் என்றால் மௌனம், மௌனம் என்றால் ஞானம் என்று ஒரு கூட்டம். மௌனமா இரு என்று நமக்கு யாரும் ஜப்பானில் இருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை தோழர்களே. நம்ம ஊர்க்காரங்களே காலங்காலமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

எனக்கு இந்த வடிவம் பிடிபட்டது இந்த ரெண்டு வழியாகவும் இல்லை. கொபயாஷி இஸ்ஸா என்கிற ஆள் வழியாக.

1763இல் ஜப்பானின் மலைப்பகுதியில், கஷிவாபரா என்கிற கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே அம்மா செத்துப்போச்சு. சின்னம்மா வந்தாள், கொடுமை வந்தது. பதினாலு பதினைஞ்சு வயசில் பையனைப் பிழைப்புக்கு எடோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போதைய டோக்கியோதான் அன்றைக்கு எடோ. அப்பா செத்த பிறகு சொத்துக்காகச் சின்னம்மாவோடும் அவள் மகனோடும் பத்து வருஷத்துக்கு மேல் வழக்கு. 1813இல்தான் தீர்ந்தது. ஊருக்குத் திரும்பி ஐம்பதை ஒட்டிய வயசில் கல்யாணம். பிறந்த பிள்ளைகள் ஒண்ணொண்ணா செத்தன. அம்மை போட்டு மகள் போனது 1819இல். மனைவி போனது 1823இல். 1827இல் ஊரில் தீ. வீடு எரிந்து, மிச்சமிருந்த மண்சுவர்க் கிடங்கு ஒன்றில் குடியிருந்து, 1828 ஜனவரியில் அங்கேயே செத்துப்போனார்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த ஆள் எழுதினது இருபதாயிரம் ஹைக்கூ. ஹைக்கூவின் பிதாமகர் என்று கொண்டாடப்படுகிற பஷோ எழுதியது ஆயிரம் சுமார். இஸ்ஸா வருஷக்கணக்கா நாட்குறிப்பு வைத்திருந்தார். அன்றைக்கு மழையா வெயிலா, எந்த ஊரில் யார் வீட்டில் தங்கினார், பக்கத்திலேயே அன்றைக்கு எழுதிய கவிதைகள். எதைப் பற்றி? ஈ, பேன், தெள்ளுப்பூச்சி, தவளை, நத்தை, குருவிக்குஞ்சு, மூத்திரம். மேட்டிமை ஆட்கள் கவிதைக்குள் விடாத ஜீவராசிகளெல்லாம் அந்த நாட்குறிப்பில் குடித்தனம் பண்ணின. அதில் பாதிக்கு மேல் சாதாரணக் கவிதைகள்தான். அதைப் பற்றி அவர் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. எனக்கு அதுதான் பிடிச்சது. இஸ்ஸா என்பது புனைபெயர். ‘ஒரு கோப்பைத் தேநீர்’ என்று அர்த்தமாம். நமக்குத் தேநீர் என்றாலே ரெட்டை டம்ளர் ஞாபகம் வருது, என்ன செய்வது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். இஸ்ஸாவின் கவிதைகளில் ஒரு சொல் பல இடத்தில் வருகிறது: ‘ஏதா’. ஜப்பானில் செத்த மாட்டை அப்புறப்படுத்தவும், தோல் உரிக்கவும், செருப்பு தைக்கவும், தண்டனைக் கைதிகளைக் கொல்லவும் பிறப்பாலேயே ஒதுக்கப்பட்டவர்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. எழுத்தைப் பிரித்தால் ‘அழுக்கு மிகுந்தது’ என்று அர்த்தம். வசைச்சொல். இன்றைக்கு அந்த மக்களை புராக்கு மக்கள் என்கிறார்கள். ‘புராக்கு’ என்றால் குடியிருப்பு, நம்ம ‘சேரி’ மாதிரி. ஊருக்கு வெளியே, ஆற்றோரமா, தனி. அந்தக் குடியிருப்பையும், அங்கே இருந்த கோயிலையும், அந்தக் கோயில் வாசலில் பூத்த பூவையும் இஸ்ஸா எழுதியிருக்கிறார்.

கோயில் என்றால் புத்தர் கோயில். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கணும். அந்த மக்களில் பெரும்பாலோர் தூய நிலப் பிரிவு பௌத்தர்கள். இஸ்ஸாவும் அதே பிரிவு. கடவுள் முன்னால் எல்லாரும் ஒன்று என்று சொல்கிற பிரிவுதான். ஆனால் அவர்களுக்குத் தனிக் கோயில். செத்த பிறகு பௌத்த வழக்கப்படி வைக்கிற பெயரில்கூட, இது இன்ன சாதிப் பிணம் என்று அடையாளம் தெரிகிற மாதிரி இழிவான எழுத்துகளைச் சேர்த்திருக்கிறார்கள். கல்லறையிலும் கோயில் பதிவேட்டிலும் பின்னால் கண்டுபிடித்துப் பெரிய போராட்டம் நடந்தது. 1956இல் பாபாசாகேப் பௌத்தத்தை ஏற்றபோது சாதி ஒழிந்த மதமாகத்தான் அதைக் கட்டினார், இருபத்திரண்டு உறுதிமொழிகளோடு. அப்படிக் கட்டாத இடத்தில் பௌத்தமும் சேரிக்குத் தனிக் கோயில் கட்டும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. ஜென் புத்தகம் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, இஸ்ஸா எழுதினாரே, அவர் நம்ம ஆளா? இல்லை. அவர் அந்தக் குடியிருப்பைக் கடந்து போகிற வழிப்போக்கன். பூவைப் பார்க்கிறார், பார்த்து எழுதுகிறார், போய்விடுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தார் என்கிற அளவுக்கு அவருக்கு மரியாதை கொடுக்கலாம். உள்ளே இருந்து பேசியவர்கள் அப்புறம் வந்தார்கள். 1871இல் அரசு ஓர் ஆணை போட்டு ‘ஏதா’ என்கிற பெயரை ஒழித்தது. பெயர் ஒழிந்தது, ஒதுக்கல் ஒழியவில்லை. 1922 மார்ச் 3ஆம் தேதி கியோட்டோவில் புராக்கு மக்கள் கூடி ‘சுய்ஹெய்ஷா’ அமைப்பைத் தொடங்கினார்கள். ‘சமமட்டச் சங்கம்’ என்று தமிழில் சொல்லலாம். அறிக்கையை எழுதியதில் முக்கியமானவர் சைக்கோ மந்தாரோ, நாராப் பகுதியில் இருந்த ஒரு புராக்குக் கோயில் குடும்பத்துப் பையன், ஓவியர். கறுப்புக் கொடியில் சிவப்பு முள்முடி. அந்தக் கொடியும் அவர் வரைந்ததுதான்.

ஹைக்கூ என்றால் ஆபத்தில்லாத பொருள் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். 1940 பிப்ரவரியில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ‘கியோட்டோ பல்கலைக்கழக ஹைக்கூ’ என்கிற சிறுபத்திரிகையைச் சேர்ந்த கவிஞர்களைப் போலீஸ் பிடிக்க ஆரம்பித்தது. மூணு தடவையாக மொத்தம் பதினைந்து பேர். யுத்தத்தைப் பற்றி எழுதினார்கள், பருவச்சொல் இல்லாமல் எழுதினார்கள். சட்டம்? 1925இல் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கப் போட்ட அமைதிப் பாதுகாப்புச் சட்டம். பதினேழு அசைக்காக ஜெயில். அவர்களுக்கு நகானோ மாகாணத்தில் 2018இல்தான் நினைவுக்கல் வைத்தார்கள். இஸ்ஸாவின் ஊர் இருக்கிற அதே மாகாணம்.

தினமும் எழுதுவது என்கிற ஒழுங்குக்கு எனக்கு ரெண்டு பேர் முன்னால் நிற்கிறார்கள். ஒருவர் மசஓகா ஷிகி. ‘ஹைக்கூ’ என்கிற பெயரையே நிலைநாட்டியவர். முதுகெலும்பில் காசநோய். படுக்கையை விட்டு எழ முடியாது. வலிக்கு மார்ஃபின். 1902 மே 5 முதல் செப்டம்பர் 17 வரை ஒரு நாளிதழில் ‘ஆறடிப் படுக்கை’ என்று தொடர் எழுதினார். 127 பகுதி. 19ஆம் தேதி செத்தார், முப்பத்தி நாலு வயசு. தனியாக வைத்திருந்த குறிப்பேட்டில் காலையில் என்ன தின்றேன், மத்தியானம் என்ன தின்றேன் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். கண்ணில் பட்டதை உள்ளபடி வரை, அதுக்கு மேலே எதையும் ஏற்றாதே என்பதுதான் அவர் கட்சி.

இன்னொருவர் ரிச்சர்டு ரைட். இவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. கறுப்பின எழுத்தாளர், 1908இல் மிசிசிப்பியில் வாரக் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். தாத்தா பாட்டி காலம் அடிமைக் காலம். மெம்ஃபிஸ் நூலகத்தில் கறுப்பர்களுக்குப் புத்தகம் கிடையாது. வேலை பார்த்த இடத்தில் வெள்ளைக்காரர் ஒருவரின் நூலக அட்டையை வாங்கி, அவருக்காக எடுத்துப் போவது மாதிரி ஒரு துண்டுச்சீட்டைத் தானே எழுதிக்கொண்டு போய்ப் புத்தகம் எடுத்தார். ‘கறுப்புப் பையன்’ தன்வரலாற்றில் இதைச் சொல்கிறார். பம்பாயில் 1972இல் தலித் பேந்தர்கள் பெயர் எடுத்தது அமெரிக்கக் கறும்புலிகளிடம் இருந்து என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கறும்புலிகளுக்கு ஒரு தலைமுறை முன்னால் வெள்ளை அமெரிக்காவைத் தூங்கவிடாமல் எழுதின கை இவருடையது.

அந்தக் கை 1959இல் என்ன செய்தது தெரியுமா? ஹைக்கூ எழுத உட்கார்ந்தது. பாரிஸில் நாடுவிட்டு வாழ்கிறார். வயிற்றுநோய். அந்த வருஷத் தொடக்கத்தில் அம்மா செத்துப்போனாள். அசையை விரல்விட்டு எண்ணி எண்ணி, சுமார் ஒண்ணரை வருஷத்தில் நாலாயிரம் கவிதை. அறைக்குக் குறுக்கே கம்பி கட்டி, ஈரத்துணி காயப்போடுவது மாதிரி தாள்களைத் தொங்கவிட்டிருந்தார் என்று மகள் எழுதியிருக்கிறார். நாலாயிரத்தில் 817ஐத் தேர்ந்து தொகுத்தார். 1960 நவம்பர் 28 அன்று ஐம்பத்திரண்டு வயசில் போய்விட்டார். புத்தகம் வந்தது 1998இல். முப்பத்தெட்டு வருஷம் கிடப்பில்!

கோபக்கார எழுத்தாளன் கடைசியில் மழையையும் பருத்திக்காட்டையும் பார்த்துச் சாந்தியடைந்துவிட்டான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. பிறந்த மண்ணை அந்த ஆளுக்கு வெள்ளைக்காரன் மறுத்திருந்தான். அந்த மழை, அந்த வயல், அந்த எலி, எல்லாம் பயத்தோடு கலந்துதான் அவருக்குக் கிடைத்திருந்தது. அதை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டார். நமக்கும் அப்படித்தானே? ஏரி அழகாத்தான் இருக்கும். ஆனா எந்தப் படித்துறையில் நாம இறங்கலாம் என்கிறது நினைவுக்கு வராமல் ஏரியைப் பார்த்த சேரிப்பிள்ளை யார்?

இனி என் நோட்டு. நோட்டு என்றால் வங்கியில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கிற டைரிதான். நாளுக்கு ஒரு பக்கம். மூணு வரி போக மீதி வெள்ளை. ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணுவதில்லை. ஜப்பான்காரர்கள் எண்ணுவது வேறு மாதிரி அசை, தமிழ் அசை வேறு. ஒரு மூச்சில் சொல்ல முடியணும், அவ்வளவுதான். அன்றைக்கு எழுதினதை அன்றைக்குத் திருத்துவதில்லை. மாசக் கடைசியில் ஒருமுறை வாசிப்பேன். மோசமா இருந்தாலும் கிழிப்பதில்லை. வங்கிக்காரன் பழக்கம் இது. கேஷ் கவுண்டரில் சாயங்காலம் கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய் குறைந்தாலும் உட்கார்ந்து தேடணும். ஒரு நாளைய கணக்கு அந்த நாளிலேயே முடியணும். அப்படி முடித்த ஒன்று:

கைநாட்டு வைத்த பாட்டி
மீதி மையைத் தலையில் துடைக்கிறாள்
நரையில் ஓர் ஊதாக்கோடு

முதியோர் உதவித்தொகை வாங்க வந்தவர். இதில் அரசியல் இருக்கா? நான் எதையும் உள்ளே ஏற்றவில்லை. அந்தத் தலைமுறையில் யார் கைநாட்டு, யார் கையெழுத்து என்று உங்களுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. இன்னொன்று:

“எந்த ஊர்?” என்றார்
சொன்னேன்
“ஊரில் எந்தப் பக்கம்?”

இது ஒரு கிளையில் நான் மாறுதலாகிப் போன முதல் வாரம், டீ நேரத்தில். கேட்டவர் நல்லவர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கோயிலுக்குக் கிழக்கே என்றேன். அதுக்கப்புறம் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது. 1975இல் ஜப்பானில் ஒரு விஷயம் வெளியே வந்தது. நாட்டில் உள்ள புராக்குக் குடியிருப்புகளின் பெயரையும் இடத்தையும் பட்டியல் போட்டு, ரகசியமாக விற்றிருக்கிறார்கள். வாங்கினது பெரிய பெரிய கம்பெனிகள். வேலைக்கு வருகிறவன் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்க. பார்வைக்கும் பேச்சுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாத மக்கள், முகவரியை வைத்துத்தான் பிடிக்க முடியும். இங்கே அந்தப் பட்டியலை யாரும் அச்சடிக்க வேண்டியதில்லை. ஒரு டீ போதும்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வெட்டினால் வழக்கு உண்டு, எரித்தால் வழக்கு உண்டு. போராடித்தான் அதுவும் பதிவாகும் என்றாலும், பதிய ஓர் இடம் இருக்கு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அவமதிப்பு என்றால்கூட, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்கணும் என்று இருக்கு. ‘ஊரில் எந்தப் பக்கம்’ என்பதை எந்த ஸ்டேஷனில் கொடுப்பது? புகார் எழுதினால் அது புகார் மாதிரியே இருக்காது. வீட்டில் சொன்னால், “விடுப்பா, வேலையைப் பாரு” என்பாள் அம்மா. நெடுங்கவிதைக்கும் அது பத்தாது. நெடுங்கவிதை பிணம் கேட்கும், தீ கேட்கும். ஆனால் நம்ம வாழ்க்கையில் முக்கால்வாசி இந்தச் சில்லறைதான். தினமும் விழுகிறது, தினமும் மறக்கிறோம். மறக்காவிட்டால் மறுநாள் கவுண்டரில் உட்கார முடியாது. இந்தச் சில்லறையை எண்ணி வைக்க நாள்தோறும் ஒரு பக்கம் வேணும். தேதியோடு.

ஒரு தோழர் என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு ஒரு கவிதையில் விரலை வைத்தார்.

மழை விட்டது
பாதாளச் சாக்கடை மூடியருகே
ஒரு ஜோடிச் செருப்பு நனைந்தபடி

“இதில் குற்றவாளி யார்? கோபம் எங்கே? 2013இல் சட்டம் போட்டும் மனுஷனை உள்ளே இறக்குகிறானே, அந்த ஒப்பந்தக்காரன் எங்கே, அதிகாரி எங்கே?” என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதைத் துண்டறிக்கையில் கேட்கணும், நீதிமன்றத்தில் கேட்கணும், தெருவில் கேட்கணும். நானும் அவரோடு சேர்ந்துதான் கேட்கிறேன், சங்கத்துச் சார்பில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நாலாவது வரியாக ‘அடே பாவிகளா’ என்று எழுதியிருந்தால் வாசிக்கிறவனுக்கு என்ன வேலை? நான் கோபப்பட்டு முடித்துவிட்டேன், அவன் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். செருப்பு மட்டும் கிடந்தால், போட்டிருந்தவன் எங்கே என்று அவன் கேட்டாகணும். தோழருக்கு இந்தப் பதில் முழுசா ஒப்பவில்லை. எங்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் இருக்கு. இருக்கட்டும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே எழுதுகிற தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். வெண்மணியை மூணு வரியில் எழுதாதீர்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசையில் 44 பேர். 1997இல் மேலவளவு, ஊராட்சித் தலைவரோடு ஏழு பேர். அதையெல்லாம் மூணு வரிக்குள் மடித்தால் அழகாகிவிடும். அழகாக்குவது அங்கே துரோகம். அதுக்கு வழக்குக் கட்டு கனம் வேணும், ஒப்பாரி நீளம் வேணும். எதை இதில் எழுதக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் ஒழுங்கில் சேர்த்திதான்.

கடைசியாகப் பருவச்சொல். ஜப்பானில் ஹைக்கூ என்றால் அதில் பருவத்தைக் காட்டுகிற சொல் ஒன்று இருக்கணும். அதுக்குத் தனி அகராதியே உண்டு, ‘சைஜிகி’ என்று பேர். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர், புத்தாண்டு என்று பிரித்து ஆயிரக்கணக்கான சொல். நமக்கும் இது புதுசில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று தொல்காப்பியம் எப்பவோ பிரித்து வைத்திருக்கு. ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருளில் ஒரு பறைகூட உண்டு. ஆனால் அந்தப் பறையை அடிக்கிறவன் ஐந்திணைக்குள் காதலிக்க முடியாது. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணையில்தான் தலைமக்களாகலாம் என்று இலக்கணம் கோடு போட்டுவிட்டது. பறை உள்ளே, பறையடிக்கிறவன் வெளியே. ஆக, பருவம் யாருடைய பருவம் என்று ஒரு கேள்வி இருக்கு. மாம்பூவும் குயிலும் யாருக்கு வசந்தம்? தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கின குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு கிளம்பும்.

பூட்டிய வீடு
திண்ணையில் வேறு தெரு நாய்
சூளை மாதம்

‘சூளை மாதம்’ என்பது என் நோட்டில் முதல் பருவச்சொல். அதுக்கப்புறம் சேர்க்க ஆரம்பித்தேன். ‘தேர் மாதம்’ என்றால் எங்கள் தெரு முனையோடு வெளிச்சம் திரும்பிப் போகிற மாதம், அந்த மாதத்தில் போலீஸ் வேன் நிற்கும். ‘சான்றிதழ் மாதம்’ என்றால் மே கடைசி, ஜூன். தாலுகா ஆபீஸ் வாசலில் பிள்ளைகள் நிற்கும். ‘அடைப்பு மாதம்’ ஐப்பசி, கார்த்திகை. சாக்கடை பொங்கும், ஆளைத் தேடி நம்ம தெருவுக்கு வருவார்கள். ‘ஹாஸ்டல் மூடுற மாதம்’ உங்களுக்குத் தெரியும். வங்கிக்காரனுக்கு ஒரே பருவம், மார்ச் 31. நமக்கென்று நல்ல பருவமும் உண்டு:

ஏப்ரல் பதினாலு
கூண்டுக் கம்பிக்குள் கைவிட்டு
ஷூவின் மேல் பூ வைக்கிறாள் சிறுமி

சிலையைச் சுற்றி ஏன் கூண்டு என்று ஜப்பான்காரருக்கு அடிக்குறிப்புப் போடணும். நமக்கு வேண்டாம்.

இதுவரைக்கும் நாற்பத்தாறு சொல் சேர்ந்திருக்கு. பெரும்பாலும் எங்கள் வட்டாரத்தோடது, அதிலும் ஆம்பளை கண்ணில் பட்டது. நடவு, களையெடுப்பு, தண்ணிக்குழாய், பிரசவ ஆஸ்பத்திரி, இதிலெல்லாம் பெண்களுக்கு வேறு பருவக் கணக்கு இருக்கும். தோல் பதனிடுகிற ஊர்களில் இருந்து வந்தவங்க, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க, கடற்கரைப் பக்கம் உப்பளத்துக்குப் போறவங்க இங்கே யாராவது இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் வந்து உங்கள் ஊர்ச் சொல்லைச் சொல்லுங்கள். டைரி கையில்தான் இருக்கு, எழுதிக்கொள்கிறேன். எந்த மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.